எங்கட றூமில் எரிந்த நீல லைட்

எங்கட றூமில் நாலு கட்டில், நாலு மேசை, ஒரு ஃபான், இரண்டு யன்னல். அந்த இரண்டு யன்னலையும் நாங்கள் திறந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். பகலில் திறந்தால் குரங்கு வந்து பாணைத் தூக்கிக்கொண்டு போகும். பின்னேரம் திறந்தால் நுளம்பு. பக்கத்து றூமில் இரண்டு பேருக்கு டெங்கு வந்த பிறகு, ஒரு யன்னலைக் கம்பியாலேயே சுற்றிக் கட்டிவிட்டோம்.

அந்த றூமுக்குள்தான் அவள் இரண்டு மாதம் இருமினாள்.

முதலில் தடிமன் என்றோம். பிறகு தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். சோதனை நெருங்கியதால் அவளும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நடுச்சாமத்தில் இருமினால், "தண்ணியைக் குடிச்சிட்டுப் படுடி" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வோம். லீவுக்கு வீட்டுக்குப் போனவள் பத்து நாள் கழித்துக் கோல் எடுத்தாள். சளியைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காசநோயாம். ஆறு மாதம் குளிசை போடவேணுமாம்.

"ஒண்டுக்கும் யோசிக்காத, நாங்கள் இருக்கிறம்" என்றுதான் சொன்னோம். ஃபோனை வைத்த பிறகு செய்தது வேறு. அவளின்ர தேத்தண்ணிக் கோப்பையை ஒரு சொப்பிங் பையில் போட்டு இறுக்கி முடிந்து, அலுமாரிக்கு மேலே தள்ளி வைத்தோம். அவளின்ர கட்டிலை இரண்டடி நகர்த்தினோம். 'இனி எப்படி அவளோட ஒரே றூமில படுக்கிறது?' என்ற கேள்வி மூன்று பேரிடமும் இருந்தது. மூன்று பேருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் ஃபோனில் தேடினோம்.

அப்படித்தான் அந்தப் பெட்டி வந்தது. யூவி லைட் வைத்த காற்றுச் சுத்திகரிப்பான், 99.9 வீதம் கிருமியைக் கொல்லும் என்று விளம்பரம். மகாபொலக் காசில் ஆளுக்கு 3,000 ரூபா போட்டோம். சுவிச்சைப் போட்டால் துளைகளுக்குள்ளால் நீல வெளிச்சம் தெரியும். அன்று இரவு நாங்கள் நல்ல நித்திரை கொண்டோம். அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை.

இந்த யூவியை ஓ.எல் விஞ்ஞானத்தில் கழியூதாக் கதிர் என்று படித்திருக்கிறோம். (யூடியூப்பில் தமிழ்நாட்டுக்காரர் புற ஊதா என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று விளங்கவே எங்களுக்கு அரை மணித்தியாலம் போனது. ஆர்ட்ஸ் பிள்ளைகள், மன்னிக்கவும்.) விசயம் பொய்யில்லை. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் வெல்ஸ், ரிச்சர்ட் ரைலி என்ற இருவரும் வேறு சிலரும் ஒரு காசநோய் வார்ட்டின் காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுபோய், கூண்டுகளில் இருந்த கினிப் பன்றிகளைச் சுவாசிக்க விட்டார்கள். காற்று அப்படியே போன கூண்டுகளில் ஒவ்வொன்றாகத் தொற்று வந்தது. கழியூதாக் கதிர் பட்ட பிறகு போன கூண்டுகளில் ஒன்றுக்கும் வரவில்லை. காசநோய் காற்றால் பரவுகிறது என்பதை நிரூபித்ததும் அந்தப் பரிசோதனைதான்.

எங்கட ஊர் அக்கா ஒருத்தர் மருத்துவ பீடத்தில் படிக்கிறா. பெட்டியைப் பெருமையாகக் காட்டினோம். அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா: "இதுக்குள்ள போற காத்து சுத்தமாகும் எண்டு வைப்பம். போகாத காத்தை என்ன செய்யிறது?"

பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது, மணித்தியாலத்துக்கு 16 கன மீற்றர் காற்று என்று. எங்கட றூம் 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். ஃபோன் கல்குலேற்றரில் பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 48 கன மீற்றர். அதாவது றூமில் இருக்கிற அளவு காற்று ஒருதரம் அந்தப் பெட்டிக்குள்ளால் போய்வரவே மூன்று மணித்தியாலம் வேணும். அதற்குள் நாலு பேரும் எத்தனை ஆயிரம் தரம் மூச்சு விட்டிருப்போம்! உண்மையாகக் கிருமியை அழிக்கிற 254 நனோமீற்றர் கதிர் கண்ணுக்குத் தெரியாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. நாங்கள் பார்த்துப் பார்த்து நிம்மதிப்பட்ட நீலம், வேலை நடப்பதற்கு அத்தாட்சியே இல்லை. அந்தக் கதிர் கண்ணில் பட்டால் மண் விழுந்த மாதிரி உறுத்தும், தோலையும் சுடும். அதனால்தான் ஆஸ்பத்திரிகளில் ஆட்களின் தலைக்கு மேலே, கூரைப் பக்கம் மட்டும் படுகிற மாதிரிப் பூட்டி, ஃபானால் காற்றை மேலும் கீழும் கலக்க விடுகிறார்கள். பெருவின் லீமா நகரில் ஒரு ஆஸ்பத்திரி வார்ட்டில் அப்படிச் செய்து பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கேயும் பாவம் கினிப் பன்றிகள்தான். லைட் இல்லாத காற்றில் 35 வீதத்துக்குத் தொற்று, லைட் போட்ட காற்றில் 9.5 வீதத்துக்கு.

அதே லீமாவில் 2007இல் வந்த இன்னொரு ஆய்வைத்தான் அக்கா எங்களுக்கு அனுப்பினா. அதில் லைட் இல்லை, மெசின் இல்லை. ஆஸ்பத்திரி அறைகளில் யன்னல், கதவைத் திறந்தால் காற்று எத்தனை தரம் மாறுகிறது என்று அளந்திருக்கிறார்கள். மணித்தியாலத்துக்கு 28 தரம். மெசின் வைத்துக் காற்றோட்டம் செய்யும் தனிமை அறைகளுக்குச் சொல்லப்பட்ட அளவு 12 தரம். உயரக் கூரையும் பெரிய யன்னல்களும் உள்ள பழங்காலக் கட்டடங்கள்தான் இன்னும் நல்லாய் இருந்தனவாம். எங்கட விடுதியும் பழைய கட்டடம்தான். கம்பி சுற்றிய யன்னலை மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

அக்கா கடைசியாகச் சொன்னதுதான் குத்தியது. "சாதாரண காசநோய் எண்டால், மருந்தை ஒழுங்காய் எடுக்கத் தொடங்கி இரண்டு கிழமையில மற்றாக்களுக்குப் பரவுறது நல்லாய்க் குறைஞ்சிடும். கோப்பையால எல்லாம் பரவாதடி." கோப்பை விசயம் அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. அலுமாரிக்கு மேலே கண் போயிருக்கும். காற்று தேவைப்பட்டது அவள் இருமிய அந்த இரண்டு மாதமும். அப்போது நாங்கள் யன்னலைக் கட்டி வைத்திருந்தோம். பயம் குறையவேண்டிய நேரத்தில் 9,000 ரூபாவுக்குப் பெட்டி வாங்கியிருக்கிறோம்.

பி.எச்.ஐ வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார். மார்புச் சிகிச்சை நிலையத்தில் மூன்று பேருக்கும் எக்ஸ்றே எடுத்தார்கள், கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். எக்ஸ்றே மூன்றும் சுகம். ஒருத்திக்கு மட்டும் ஊசி போட்ட இடம் தடித்தது. நோய் இல்லை, ஆனால் கிருமி எப்போதோ உள்ளே போயிருக்கலாம் என்றார்கள். அது யாரென்று இங்கே எழுதமாட்டோம். அவள் இன்னும் வீட்டிலும் சொல்லவில்லை.

அந்தக் கிழமையே கம்பியை வெட்டினோம். கட்டிலுக்கொரு நுளம்பு வலை வாங்கிக் கட்டினோம். குரங்குக்கு வழி தெரியவில்லை. பாணைப் பேணிக்குள் வைத்து மூடுகிறோம், சிலநேரம் பேணியோடு போகிறது.

ஒன்றரை மாதம் கழித்து அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். பையை வைத்துவிட்டு மூலையைப் பார்த்தாள்.

"இதென்னடி புதுசா? நுளம்பு லைட்டே?"

"ஓமடி" என்றோம்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேத்திலில் தண்ணி கொதித்தது. மூன்று கோப்பைகள் மேசையில் இருந்தன. "என்ர கோப்பை எங்க?" என்றாள். யன்னலைத் திறந்தோம், வலை வாங்கினோம், கட்டிலைக்கூடப் பழைய இடத்துக்குத் தள்ளினோம், கோப்பையை மறந்துபோனோம். ஒருத்தி கதிரையில் ஏறி அந்தப் பையை இறக்கினாள். முடிச்சு அவிழவில்லை, அவ்வளவு இறுக்கமாக முடிந்திருந்தோம். கடைசியில் கத்திரிக்கோலால் வெட்டினோம். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கோப்பையை வாங்கி, தானே கொண்டுபோய்க் கழுவிக்கொண்டு வந்து, சீனி எங்கே என்று கேட்டாள்.