ஜியாரத் விசா: நான் சொல்லாமல் விட்டது



வத்தலக்குண்டில் மதரஸாவில் பாடம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, மஃரிபுத் தொழுகைக்குப் பின் இன்னொரு பணியும் உண்டு. எவரும் நியமித்த பணியன்று, ஊதியமும் இல்லை. பாஸ்போர்ட்டையும் விசாத் தாளையும் எடுத்துக்கொண்டு வருவோர்க்கு அவற்றை வாசித்துப் பொருள் சொல்வதே அது. அரபியும் ஆங்கிலமும் தெரிந்தவர், பி.ஏ. படித்தவர் என்ற நம்பிக்கையில் வருகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒருமுறை நான் குறை வைத்துவிட்டேன்.

2017-ஆம் ஆண்டு என் பழைய மாணவர் ஒருவரின் தாயார் துபாய் விசாவைக் கொண்டுவந்தார். மகன் மூன்றாம் நாள் புறப்படுகிறான். தாளில் அரபியில் ‘ஜியாரா’ என்றிருந்தது. “ஜியாரத் விசாம்மா, தொண்ணூறு நாள்” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நம் வீடுகளில் ஜியாரத் என்றால் கபுருக்குச் சென்று துஆச் செய்தல். அந்தச் சொல்லிலேயே பரக்கத்தைக் கண்டார் போலும். விசாத் தாளிலோ அதற்கு, வந்து பார்த்துவிட்டுத் திரும்புதல் என்பது மட்டுமே பொருள். அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது என்பதை நான் அறிவேன். பயணத்தின் மகிழ்ச்சியை நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று வாய்மூடியிருந்துவிட்டேன்.

மகன் ஒரு கடையில் வேலைக்கு அமர்ந்தான். விசாவைப் பிறகு மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார், மாற்றித் தரவில்லை. தொண்ணூறு நாள் கடந்ததும் நாள்தோறும் அபராதம் ஏறிற்று. மறு ஆண்டு அவனுடைய அத்தா மவுத்தானார். அபராதத்தைக் கட்டாமல் நாடு திரும்ப வழியில்லை. கையில் பணமும் இல்லை. ஜனாஸாத் தொழுகையில் மகனில்லாமல் நாங்கள் நின்றோம். 2018 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐக்கிய அரபு அமீரக அரசு பொதுமன்னிப்பு அளித்தபோதுதான் அவன் அபராதமின்றி ஊர் வந்தான். வந்த அன்றே கபரஸ்தானுக்குச் சென்றான். அதுவன்றோ ஜியாரத்! அந்தத் தாயார் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே என்னை இன்றளவும் உறுத்துகிறது.

ஆகவே, என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் சில கேள்விகளுக்கு இங்கே விடை கூறுகிறேன்.

“ஜியாரத் விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாமா, ஹஜ்ரத்?” வேலை அனுமதியும் குடியிருப்பு விசாவும் பெற்ற பிறகே அமீரகத்தில் வேலையில் சேரலாம். அனுமதியின்றி ஆள் வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என 2024-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. நம் நாட்டின் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். அவ்வழியில் செல்வோர்க்குப் பத்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. பார்வையாளராகச் சென்று வேலையில் அமர்பவர் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார்.

“விசாவில் இன்னும் தேதி இருக்கிறதே?” தேதி வேறு, தங்கும் நாள் வேறு. தேதி என்பது நுழைவதற்கான கெடு. தங்கும் காலம் இறங்கிய நாளிலிருந்து எண்ணப்படும். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் பெற்றோர் பலரிடம் பத்தாண்டு விசா இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலைய அதிகாரியே முடிவு செய்கிறார். பெரும்பாலும் ஆறு மாதம்தான்.

“மலேசியாவுக்கு விசாவே வேண்டாமாமே?” 2023 டிசம்பர் 1 முதல் அந்நாடு இந்தியர்களை விசாவின்றி அனுமதிக்கத் தொடங்கியது உண்மை. ஆனால் அது முப்பது நாளுக்கு மட்டுமே. அதுவும் பார்வையாளராக மட்டுமே. நாள் கடந்து தங்குவோர்க்கு அங்கே சிறைத்தண்டனையும் உண்டு.

“சவூதிக்கு ஜியாரத் விசாவில் போய் அப்படியே ஹஜ்ஜும் செய்துவிடலாமா?” கூடாது. ஹஜ்ஜுக்குத் தனி அனுமதி வேண்டும். 2024 ஹஜ்ஜின்போது கடும் வெப்பத்தில் 1,301 பேர் உயிரிழந்ததாகவும், அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. நிழலும் தங்குமிடமும் இன்றி நெடுந்தொலைவு வெயிலில் நடந்தவர்கள் அவர்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

நம் ஊர் வழியாகக் கொடைக்கானல் செல்லும் வண்டிகள் 2024 மே 7 முதல் இ-பாஸ் பெற வேண்டியதாயிற்று. அந்தப் பாஸை வைத்துக்கொண்டு மலையில் ஒருவர் கடை போட்டால் நாம் ஒப்புவோமா? விசாவும் அத்தகையதே. இத்தனை நாள் தங்குவேன், இதற்காக வருகிறேன் என்று ஒரு நாட்டுக்கு நாம் கொடுக்கும் வாக்கு அது.

நாள் கடந்து சிக்கிக்கொண்டவர் ஒளிந்து வாழ வேண்டியதில்லை. இந்தியத் தூதரகத்தையோ துணைத் தூதரகத்தையோ உடனே அணுகலாம். பாஸ்போர்ட் கையில் இல்லாவிட்டாலும் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் வழங்குவார்கள். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமீரகம் மீண்டும் பொதுமன்னிப்பு அளித்தது. என்றாலும், மன்னிப்பு வரும் என நம்பி நாள் கடத்துவது அறிவுடைமை ஆகாது.

இப்பொழுதெல்லாம் எவர் தாளைக் கொண்டுவந்தாலும் மூன்றைச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை: எதற்கான விசா, எத்தனை நாள், வேலை பார்க்கலாமா கூடாதா. பயணம் போகிறவனிடம் மட்டுமல்ல, அவனுடைய தாயிடமும் சொல்கிறேன். சிலர் முகம் வாடுகிறது. வாடட்டும். உங்கள் வீட்டிலும் இன்று ஒரு விசாத் தாள் இருக்கக்கூடும். படித்த பிள்ளையை அழைத்து, வீட்டார் அனைவரும் கேட்கும்படி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.