சத்திரமும் சித்திரமும்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில் உள்ளது பனவடலிசத்திரம். வடலி என்பது இளம்பனை. சத்திரம் என்பது வழிநடந்து களைத்தவனுக்குத் திறந்திருக்கும் வாசல். ஊரின் பெயரே ஓர் உபசாரமாக அமைந்திருக்கிறது!

இவ்வூரைக் கடந்தால் தறியோசை கேட்கும் சங்கரன்கோவில். அப்பால் தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவுக் கணவாய் வழியே திருவனந்தபுரத்தை அடையலாம். நெசவு நாட்டிலிருந்து செல்லும் பிரயாணி, அந்நகரின் மியூசியம் வளாகத்தில் ரவிவர்மாவின் எண்ணெய்ச் சித்திரங்கள் முன் நின்றால், முகங்களுக்கு முன்னே சேலைகளையே பார்ப்பான்.

சரிகையைத் தீட்டப் பொன்வர்ணம் வேண்டுவதில்லை. பழுப்பும் மஞ்சட்காவியும் பூசி, ஒளிபடும் மடிப்பில் மட்டும் வெளிர்மஞ்சள் பொட்டுகளை இட்டால், எட்ட நின்று பார்ப்பவருக்கு அது பொன்னாகும். லேஸ் என்னும் பூப்பின்னலுக்கும் இதுவே வழி. அடித்துணியின் நிழல்நிறத்தை மெலிதாகப் பூசி உலரவிட்டு, வெளிச்சம் விழும் இழைகளை மட்டும் தடித்த வெண்மையால் தொட வேண்டும். எஞ்சியதைக் கண்ணே பின்னிக்கொள்ளும். 1624-ல் டச்சு ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸ் தீட்டிய 'சிரிக்கும் வீரன்' அணிந்திருக்கும் லேஸும் அருகே சென்றால் வெறும் தூரிகை வீச்சுகளே.

இவ்வளவு எளிய ரகசியம் ஒருகாலத்தில் பூட்டப்பட்டிருந்தது. 1848-ல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மாவுக்கு எண்ணெய் வர்ணத்தைக் கற்பிக்க அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு இசையவில்லை. 1868-ல் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும் அருகிருந்து பார்க்க மட்டுமே அனுமதித்தார். நாயுடுவின் சீடர் ஆறுமுகம் பிள்ளை மறைவாக உதவினார் என்பர். 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது, இவ்வாறு பார்த்தே பயின்ற கை.

பின்னாளில் கதவு திறந்தது. கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்த எஸ். இளையராஜா, அரசினர் கவின்கலைக் கல்லூரியில் பயின்று, அரசிளங்குமரிகளை விடுத்துக் கிராமத்துப் பெண்களைத் தீட்டினார். அவர்தம் பருத்திச் சேலைகளின் கசங்கலுக்கும் பட்டுக்குரிய மரியாதை கிடைத்தது. 2021-ல் அவர் இளவயதில் மறைந்தது தமிழ்நாட்டுக்குப் பேரிழப்பு.

ராஜசபையில் பூட்டிவைத்த வித்தை ஒரு ரவிவர்மாவுக்கே தட்டித் திறக்கக் கிடைத்தது. பொதுப் பள்ளியில் வைத்த வித்தையோ ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் எட்டியது. நமது கலைகளுக்கெல்லாம் வேண்டுவது கோட்டையன்று, சத்திரமே.