பொம்மைக்கும் ஒரு மரணம்

பொம்மை விற்பதற்கென்று புனைந்த கதையிலே கண்ணீருக்கு இடமுண்டோ? உண்டென்று எனக்குக் காட்டியது ‘பீஸ்ட் வோர்ஸ்’ என்னும் விஞ்ஞானக் கதைத் தொடர். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ விற்ற, விலங்காக உருமாறும் ரொபோ பொம்மைகளே அதன் மாந்தர். கனடாவின் வன்கூவர் நகரில் மெயின்பிரேம் நிறுவனத்தார் அதனைக் கணினியால் ஆக்கினர். 1996 முதல் 1999 வரை 52 அங்கங்கள் வெளிவந்தன. ஒவ்வோர் உருவையும் கணினியிற் சமைப்பது பெருஞ்செலவு. ஆதலால் பாத்திரங்கள் சிலவே. அந்தச் சிக்கனமே நன்மையாயிற்று என்பேன். அச்சிலரோடு நாம் நெடுநாள் பழகினோம்.

அவர்களுள் டைனோபொட் என்பவன் எதிரணியிலிருந்து மாறி வந்தவன், அகந்தை மிக்கவன். 1998இல் வந்த ஓர் அங்கத்தில், பள்ளத்தாக்கில் வாழும் ஆதி மனிதக் கூட்டத்தை அழிக்க மெகாட்ரொன் தன் படையுடன் வருகிறான். அக்கூட்டம் மாண்டால் பிற்கால மனித குலமே இல்லை. துணைவர் வந்து சேருமுன் டைனோபொட் தனியனாய்ப் பொருதுகிறான். ஆற்றல் வற்றியபின் மரக்கிளையிற் கல்லைக் கட்டி ஆயுதமாக்குகிறான். அவர்களைக் காத்துவிட்டு மடிகிறான்.

என் மகன் அன்றிரவு உண்ணவில்லை. அந்தப் பொம்மை அவனிடம் இருந்தது. அதனை அலுமாரியின் மேற்றட்டில் நிறுத்திவைத்தான். பின்னர் விளையாட எடுக்கவேயில்லை.