பைன் வேடமிட்ட கோபுரம்

அழகைப் பற்றிய வழக்குகள் புலவர் அவையிலும் இரசிகர் கூட்டத்திலும் தீர்வனவேயன்றி நகரசபைக் கூட்டங்களில் தீர்வனவல்ல என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயுள்ளது. இலக்கியம் கற்பிப்போராகிய நமக்கு அவ்வெண்ணம் வசதியானதுங்கூட. ஆயினும் நமது காலத்திலேயே, ஒரு தொலைபேசிக் கோபுரம் கண்ணுக்கு ஒவ்வுமா ஒவ்வாதா என்ற கேள்வி ஒரு நகரசபையில் எழுந்து, ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம்வரை சென்றிருக்கிறது. அவ்வழக்கை நாம் ஆராய்ந்து பார்ப்பது வீண்வேலையன்று. காட்சி யாருடையது, அதனைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்குண்டு, அவ்வுரிமை யாருக்குக் கிட்டாமற் போகிறது என்ற மூன்று கேள்விகளும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன.

ஜோர்ஜியா மாநிலத்தில், அற்லாண்டா மாநகருக்கு வடக்கே, றொஸ்வெல் என்றொரு நகர் உண்டு. 2010 பெப்ரவரியில் ரி-மொபைல் நிறுவனம் அந்நகரின் குடியிருப்புப் பகுதியொன்றில், 2.8 ஏக்கர் வெறுங்காணியில், 108 அடி உயரமான கைத்தொலைபேசிக் கோபுரம் ஒன்றை எழுப்ப அனுமதி கேட்டது. அது வெறும் இரும்புக் கம்பமாக நிற்கப்போவதில்லை. பைன் மரமொன்றின் வடிவில் நிற்கும் என்றும், நிறந்தீட்டிய செயற்கைக் கிளைகள் அலைவாங்கிகளை மறைத்துவிடும் என்றும் நிறுவனம் கூறியது. நகரத் திட்டமிடல் அலுவலர்கள் சில நிபந்தனைகளுடன் அனுமதிக்கலாம் என்றே பரிந்துரைத்தனர். ஏப்ரல் 12ஆந் திகதி பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. அயலவர் பலர் எழுந்து பேசினர். ஈற்றில் சபை ஏகமனதாக விண்ணப்பத்தை நிராகரித்தது. நிராகரிக்கும் பிரேரணையைக் கொண்டுவந்த உறுப்பினர் கூறிய காரணங்கள் இவை: கோபுரம் இயற்கைச் சூழலுடன் அழகால் ஒத்துப்போகாது, அளவுக்கு மீறி உயரமானது, வீடுகளுக்கு அண்மையில் நிற்பதால் அயலவரையும் அவர்தம் வீடுகளின் விற்பனை மதிப்பையும் பாதிக்கும்.

மரமாக வேடமிடும் இக்கோபுரங்கள் அந்நாட்டில் 1990களின் தொடக்கம் முதல் எழுந்து வருகின்றன. விலங்குக் காட்சிச்சாலைகளுக்குச் செயற்கைப் பாறைகளையும் மரங்களையும் செய்து கொடுத்துவந்த அரிசோனாக் கைவினைஞர்களே இத்தொழிலுக்கும் முன்னோடிகள். கூண்டிலடைத்த விலங்கு தன் காட்டை மறவாதிருக்கச் செய்த பொய்மரம், பின்னர் மனிதர் தம் ஊரை மறவாதிருக்க உதவலாயிற்று. சில இடங்களிலே கோபுரம் தேவாலயத்தின் மணிக்கூண்டுக்குள் ஒளிந்துகொள்கிறது; சில இடங்களிலே கொடிக்கம்பமாகி நிற்கிறது. அனுமதி வழங்குமுன் கோபுரம் எவ்வாறு தோன்றும் என்று பார்ப்பதற்கும் முறைகள் உண்டு. நாள் குறித்து ஊருக்கு அறிவித்து, கோபுரத்தின் உயரத்துக்கே ஒரு பலூனைக் கயிற்றிற் கட்டிப் பறக்கவிடுகிறார்கள். ஊரின் பல திசைகளிலிருந்தும் அதனைப் படம் பிடித்து, பலூன் தெரிந்த இடத்தில் கோபுரத்தின் உருவைப் பொருத்திக் காட்டுகிறார்கள். வராத ஒன்றை வருமுன் காண்பதற்கு ஊராருக்கு அங்கே ஒரு வழி இருக்கிறது.

இவற்றைக் கேட்கும் நம் நண்பர்கள் சிலர், வயிறு நிறைந்தவர்களின் வீண் முறைப்பாடு இது என்று ஒதுக்கிவிடக்கூடும். நாம் அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. தன் முற்றத்திலிருந்து தான் காணும் மலையும் வானும் எவ்வாறு மாறப்போகின்றன என்று கேட்பது மனிதனுக்குரிய உரிமை. உழைப்பவனுக்கு உணவு போதும், காட்சி வேண்டா என்று சொல்லும் சோசலிசத்தை நாம் அறியோம். அவ்வழக்கின் முடிவும் நமது கவனத்துக்குரியது. நிராகரித்த இரண்டாம் நாள் நகரசபை நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியது; விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்பதன்றி அதிலே காரணம் ஏதும் இல்லை. காரணங்கள் அடங்கிய கூட்டக் குறிப்பு வெளியானது 26 நாட்களின் பின்னர். வழக்குத் தொடுப்பதற்கு நிறுவனத்துக்கு இருந்த அவகாசமோ முப்பதே நாட்கள். 2015 ஜனவரி 14இல் உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது: காரணங்கள் கடிதத்திலேயே இருக்கவேண்டியதில்லை, ஆனால் எழுத்தில் இருக்கவேண்டும், முடிவுடன் ஏறத்தாழ ஒரே வேளையில் வெளிவரவும் வேண்டும். அழகைப் பற்றி நீதிமன்றம் ஒன்றும் சொல்லவில்லை. காரணம் சொல்லும் கடமையைப் பற்றியே சொன்னது. அத்தீர்ப்பால் அன்று நன்மை பெற்றது ஒரு பெரிய வணிக நிறுவனமே. எனினும் ஆளும் சபை காரணத்தை எழுத்திலே சொல்லவேண்டும் என்ற கொள்கை வணிகருக்கு மட்டும் உரியதன்று. அலுவலக வாசல்களில் காரணமறியாது திரும்பிய நம் மக்களுக்கு அதன் அருமை தெரியும்.

இனி, அவ்விசாரணையின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 1996இல் அமெரிக்கா இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டம் ஊராட்சி சபைகளின் கையில் இடத்தையும் தோற்றத்தையும் பற்றிய அதிகாரத்தை விட்டுவைத்தது. ஆனால் அலைகளால் விளையும் தீங்கைக் காரணங்காட்டி, மத்திய அரசின் அளவுகோலுக்கு உட்பட்ட கோபுரத்தை அவை மறுக்கலாகாது என்றும் விதித்தது. ஆகவே, உள்ளத்தில் உடல்நலம் பற்றிய அச்சத்தோடு வருபவரும் சபையிலே அழகைப் பற்றியே பேசவேண்டியவராகிறார். கோபுரம் பைன் மரமாக வேடமிடுவது போல, அச்சமும் அழகாக வேடமிட்டுக்கொள்ள நேர்கிறது. அச்சத்தை நாம் தூற்றவில்லை. அதற்கு விடை சொல்லவேண்டும் என்கிறோம். கோபுரங்களிலிருந்து வரும் மெலிந்த அலைகளால் உடல்நலம் கெடும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2006இல் கூறியது. 2011இல் அதன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வானொலி அலைகளைப் 'புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்ற ஐயப் பட்டியலில் வைத்தது. இவ்விரண்டையும் ஒருசேர எடுத்து விளக்குவார் இல்லாதவிடத்து வதந்தியே ஆசிரியனாகிறது. 2019இல் யாழ்ப்பாண நகரில் திறன் விளக்குக் கம்பங்கள் எழுந்தபோது மக்கள் தெருவிலிறங்கி எதிர்த்ததை நாம் அறிவோம். கேட்கப்படவேண்டிய கேள்வி கம்பம் எழுமுன் ஒரு மண்டபத்திலே கேட்கப்பட்டிருந்தால், அது தெருவுக்கு வரவேண்டிய தேவை இருந்திராது.

றொஸ்வெல் சபையில் ஒலித்த இன்னொரு காரணமும் ஆராயத்தக்கது: வீட்டின் விற்பனை மதிப்பு. அழகு அங்கே காசாக மாற்றி எண்ணப்படுகிறது. காணி உறுதி உள்ளவனின் கண்ணுக்கு விலை உண்டு. இல்லாதவனின் கண்ணுக்கு இல்லை. நாம் கற்பிக்கும் மலைநாட்டுப் பாடசாலையைச் சூழத் தேயிலை மலைகள். அம்மலைகளின் மடிப்பிலே லயங்கள். நம் மாணவரிற் பலர் அந்த லயக் காம்பராக்களிலிருந்தே வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தும், குடியிருக்கும் காம்பராவுக்கு உறுதி அவர்களிற் பலரின் கையில் இன்றும் இல்லை. மலையுச்சியில் கோபுரம் எழுந்தால் விற்பனை மதிப்புக் குறைகிறதென்று அவர்கள் முறையிட முடியுமா? விற்பதற்கு அவர்களிடம் என்ன இருக்கிறது? ஆயினும் அந்த மலையை ஒவ்வொரு காலையும் நிமிர்ந்து பார்ப்பவர்கள் அவர்களே.

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவரிடம் இவ்வழக்கை விவாதத்துக்குக் கொடுத்தோம். சிலர் சபை உறுப்பினராயினர், சிலர் அயலவராயினர், இருவர் நிறுவனத்தின் பிரதிநிதிகளாயினர். அழகை எடுத்துப் பேசியவர்கள் நன்றாகவே பேசினர். எல்லோரும் பேசி முடித்த பின்னர், பின்வரிசையிலிருந்த மாணவியொருத்தி எழுந்தாள். கொழுந்து பறிக்கும் தாயின் மகள் அவள். “அந்தக் கூட்டத்துக்கு, டவர் வேணும்னு சொல்ற சனங்க யாரும் வந்து பேசினாங்களா சேர்?” என்று கேட்டாள். நிறுவனம் பேசியது என்றோம். “அது டவர் கட்றவங்க. டவர் வேணுங்கிறவங்க?” என்றாள் அவள்.

அக்கேள்வி வகுப்பையே அமைதியாக்கியது. நாம் படித்தறிந்த அளவில், அச்சபையில் தேவையைப் பற்றிப் பேசும் பொறுப்பு விண்ணப்பித்த நிறுவனத்தின் தலையிலேயே விழுந்திருந்தது. மற்றை நிறுவனங்களின் சேவை அப்பகுதியில் போதிய அளவு உள்ளது என்று உறுப்பினரொருவர் விடையளித்தார். இலாபம் தேடுபவன் வாயால் வருமளவில் தேவையும் ஐயத்துக்கிடமாகிவிடுகிறது. அதே வேளை, தேவையுள்ளவன் தன் வாயாற் பேசுவதற்கு அழைக்கப்படுவதுமில்லை. எதிர்ப்பவருக்கு முகவரி உண்டு. கோபுரத்தின் நிழல் விழும் முற்றம் உண்டு. வேண்டுபவனோ எங்கோ ஒரு பள்ளத்தாக்கில், அலை எட்டாத இடத்தில் இருக்கிறான். அலை எட்டாத காரணத்தாலேயே அவன் குரலும் எட்டுவதில்லை.

அம்மாணவி அக்கேள்வியை எங்கிருந்து பெற்றாள் என்பது நமக்குத் தெரியும். 2020 மார்ச் மாதத்தில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசிக்குள் புகுந்தன. 2021இல் ஊவா மாகாணத்தின் லுணுகலைப் பகுதியில், பெற்றோர் துணைவரப் பிள்ளைகள் காட்டுவழியே மலையேறி, ஏறத்தாழ முப்பதடி உயரத்தில் மரத்திலே கட்டிய பரணொன்றில் அமர்ந்து, முறைவைத்துப் பாடங்களை இறக்கிக்கொண்ட செய்தி உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. நாட்டின் 43 இலட்சம் மாணவரில் 40 வீதத்தினருக்கும் குறைவானவரே இணையவழி வகுப்புகளிற் கலந்துகொள்ள முடிந்தது என்று அக்காலத்தில் இலங்கை ஆசிரியர் சங்கம் கூறியது. நாமும் அந்நாட்களிற் பாடங்களை ஒலிப்பதிவு செய்து அனுப்பினோம். காலையில் அனுப்பிய பாடத்துக்கு இரவு பத்து மணிக்கு விடை வரும். பிள்ளை வேலைசெய்த நேரமன்று அது. தகப்பன் பிள்ளையை மேட்டுக்கு அழைத்துச்செல்ல முடிந்த நேரம்.

றொஸ்வெலில் கோபுரத்தை மரமாக்க முனைந்தார்கள். லுணுகலையில் மரத்தைக் கோபுரமாக்கினார்கள். முன்னதைப் பற்றி விசாரணை நடந்தது, குறிப்பு எழுதப்பட்டது, நீதிமன்றம் கூடியது. பின்னதற்கு ஒரு விசாரணையும் இல்லை. கோபுரம் எழுந்தால் அதன் தோற்றத்தை ஆராயச் சபை கூடும். கோபுரம் எழாமையின் தோற்றத்தை, பிள்ளை மரத்திலேறி நிற்கும் அக்காட்சியை ஆராய எந்தச் சபை கூடுகிறது? காட்சியின் தாக்கம் என்று பேசுவோர் இதனையும் தம் கணக்கிற் சேர்த்தாக வேண்டும்.

இதனாற் கோபுரங்களைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள் என்று நாம் சொல்வதாக எவரும் கருதலாகாது. நமது பாடசாலைக்கு மேலேயுள்ள மலையில் ஏற்கெனவே ஒரு கோபுரம் நிற்கிறது. அது எழுந்தபோது லயத்துச் சனங்களை எவரும் கேட்கவில்லை. லொறியில் இரும்பு வந்திறங்கிய பின்னரே ஊர் அறிந்தது. 2022இல் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிலவிய நாட்களும் இருந்தன. டீசல் கிடைக்காத அந்நாட்களில் அந்தக் கோபுரமும் மௌனமாயிற்று. இரவில் ஒரு கர்ப்பிணிக்கு வாகனம் அழைக்க வழியில்லாது இளைஞர்கள் இரண்டு மைல் ஓடவேண்டி வந்தது. றொஸ்வெலில் ஓர் உறுப்பினர், அவசர காலத்துக்கு மின்பிறப்பாக்கி இல்லையே என்று கவலை தெரிவித்ததை இவ்விடத்தில் நினைவு கூரவேண்டும். விசாரணை என்பது மறுப்பதற்கு மட்டும் உரியதன்று. நல்லதைக் கேட்டுப் பெறுவதற்கும் உரியது. கேட்கப்படாத ஊர், கோபுரம் வந்தாலும் இழக்கிறது, வராவிட்டாலும் இழக்கிறது.

இப்பொழுது இரண்டாவது கோபுரமொன்று, லயங்களுக்கும் கோயிலுக்கும் இடையேயுள்ள மேட்டில் வரப்போவதாகப் பேச்சடிபடுகிறது. அதன் அலை எட்டினால், அக்கரைப் பிரிவிலிருந்து நடந்துவரும் நம் மாணவர் இருபது பேருக்கு மேற்பட்டோருக்குப் பயனுண்டு. அது எழுந்தால், மேட்டின்மேல் தனித்து நிற்கும் கோயிலின் தோற்றம் மாறும் என்பதும் மெய். இவ்விரண்டையும் எடைபோடவேண்டியவர் நிறுவனமுமல்லர், தோட்டத் துரையுமல்லர், ஆசிரியராகிய நாமுமல்லர். அங்கே வாழ்பவர்களே எடைபோடவேண்டும்.

ஆகவே வகுப்பு மாணவரும் பெற்றோர் சிலரும் நாமும் ஒன்றுகூடி உள்ளூராட்சிச் சபைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். நமது வேண்டுகோள்கள் நான்கு. கோபுரம் பற்றிய கூட்டம் கொழுந்து நிறுத்து முடிந்த பின்னர், மாலையில், மடுவத்துக்கு அருகிலேயே நடக்கவேண்டும். வரைபடத்தை மட்டும் நீட்டாது, உயரத்துக்கு ஒரு பலூனையோ கொடியையோ ஏற்றி ஊருக்குக் காட்டவேண்டும். எதிர்ப்பவரை மட்டுமன்றி, அலை எட்டாத பிரிவுகளிலுள்ளவரையும் பெயர் சொல்லி அழைத்துக் கேட்கவேண்டும். முடிவு எதுவாயினும் அதன் காரணங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, அன்றைக்கே மடுவத்துச் சுவரில் ஒட்டவேண்டும்.

நான்காவது வேண்டுகோளை எழுதியவள் அப்பின்வரிசை மாணவிதான். கடிதத்தின் அடியில் அறுபத்திரண்டு கையொப்பங்கள் உள்ளன. அவற்றுட் பதினொன்று பெருவிரல் அடையாளங்கள். இதனை எழுதும்வரை பதில் வரவில்லை. அடுத்த கிழமை நேரிற் சென்று கேட்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.