தம்பிலுவிற் கரையில் ஒரு புரட்டாசிச் சனி

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிப் பஸ்ஸில் வருவோருக்கு இடப்புறத்தே கடலும், வலப்புறத்தே வாவியும் வயலுமாகக் காட்சிகள் மாறி மாறி வரும். மருதமுனையின் தறியோசையையும் கல்முனைக் கடைத்தெருவின் ஆரவாரத்தையும் கடந்து, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவையும், நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களையும் தாண்டினால் தம்பிலுவில் வந்துவிடும். ஒரு பாயில் இரு நிறப் பன்களை இழைத்தாற்போல முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த நெடுங்கரை இது. தம்பிலுவில் கண்ணகை அம்மன் சந்நிதியும், அயலே திருக்கோவிற் சித்திரவேலாயுதர் ஆலயமும் இப்பகுதியின் இரு கண்கள் எனலாம்.

சென்ற 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி, புரட்டாசி முதற் சனிக்கிழமையன்று நான் அவ்வூருக்குச் சென்றேன். பெரியம்மா வீட்டு முற்றத்தில் காகத்துக்குச் சோறு வைத்து முடிந்திருந்தது. மாலையிற் கோவிலில் எள்ளெண்ணெய் எரிப்பதற்கான ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. ஆனால் வீட்டில் ஒரு சிறு பிணக்கும் இருந்தது. உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயிலும் பேரன், பாடசாலையிலிருந்து ஒரு சிறிய தொலைநோக்கியை இரவலாகக் கொண்டுவந்திருந்தான். அன்றிரவு கடற்கரையிற் சனிக் கிரகத்தைப் பார்க்க வேண்டுமென்பது அவன் ஆசை.

“இவனுக்கு ஏழரை தொடங்கியிருக்கு மனே. சனியன் பார்க்கிற நேரத்தில் இவன் சனியனைப் பார்க்கப் போகிறானாம், அதுவும் கடலடியில்! நீயாவது சொல்லு” என்றார் பெரியம்மா.

அவருடைய அச்சத்தின் காரணம் எனக்குத் தெரியும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி காலை, எனக்குத் தம்பி முறையான அவருடைய இளைய மகன் கரைவலைக்காரரைப் பார்த்துவரப் போனவன். ஆழிப்பேரலை அவனைத் திருப்பித் தரவில்லை. இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அந்நாளில், மிகுதியான உயிர்களை இழந்தது இந்த அம்பாறை மாவட்டமே. அவனுக்கும் அப்போது ஏழரைச் சனி நடந்ததாம். அன்று முதற் பெரியம்மா கடற்கரைப் பக்கம் போனதில்லை. மாமனை ஒருபோதும் கண்டிராத பேரனுக்கோ அந்தக் கடல் ஒரு காட்சிப் பொருள்.

நான் பேரனுக்குப் பரிந்து பேசவில்லை; பெரியம்மாவிடம் ஒரு கதையைச் சொன்னேன்.

சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டுகள் செல்கின்றன. பன்னிரண்டு இராசிகளுக்கும் அதனைப் பகிர்ந்தால் ஓர் இராசிக்கு இரண்டரை ஆண்டுகள். மூன்று இராசிகளுக்கு ஏழரை. கருவி எதுவுமின்றி வெறுங்கண்ணாற் பார்த்தே நம் முன்னோர் கண்ட கணக்கு அது. ஆகவே சனியைப் பார்ப்பது நம்மவர்க்குப் புதிதன்று. பார்த்தவர்கள்தாம் கணக்கையே தந்தார்கள்.

அச்சனியை அருகே சென்று பார்க்க அமெரிக்க, ஐரோப்பிய, இத்தாலிய விண்வெளி நிறுவனங்கள் கூடி, 1997 ஒக்டோபர் 15ஆம் திகதி ‘கசினி’ என்னும் விண்கலத்தை அனுப்பின. வெள்ளியை இருமுறையும், பூமியையும் வியாழனையும் ஒவ்வொரு முறையும் அணுகி, அவற்றின் ஈர்ப்பினால் வேகம் பெற்று, 2004 ஜூலை 1ஆம் திகதி அது சனியை அடைந்தது. அதன் முதுகில் ‘ஹைகன்ஸ்’ என்ற சிறு கலமொன்றும் இருந்தது. சனியின் மிகப்பெரிய சந்திரனாகிய டைட்டனில் இறங்குவதே அதன் பணி.

“அந்தச் சிறு கலம் தாய்க் கலத்தை விட்டுப் பிரிந்தது எந்நாள் தெரியுமா, பெரியம்மா? 2004 டிசெம்பர் 25. நம் ஊரில் அது நத்தார் தினக் காலை. மறுநாட் காலையில்தான் நமக்கு அந்தப் பேரிடி வந்தது” என்றேன்.

திரியை முறுக்கிக்கொண்டிருந்த அவருடைய கை சற்றே நின்றது.

பிரிந்த ஹைகன்ஸ் ஏறக்குறைய மூன்று வாரங்கள் தன்னந்தனியே இருளிற் சென்றது. மின்சக்தியைச் சேமிப்பதற்காக அதன் கருவிகள் யாவும் உறங்கவைக்கப்பட்டிருந்தன. அதனோடு பேசுவாரில்லை, அதுவும் பேசவில்லை. உள்ளிருந்த கடிகாரம் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. அக்கடிகாரமே உரிய வேளையில் அதனை எழுப்பியது. 2005 ஜனவரி 14ஆம் திகதி, டைட்டனின் செம்மஞ்சட் புகைமண்டலத்தினூடே குடைவிரித்து இரண்டரை மணித்தியாலம் மெல்லமெல்ல இறங்கி, நம் நாட்டு நேரப்படி அன்று மாலை அது தரையைத் தொட்டது. அதுவே தைப்பொங்கல் நாள். இக்கரையோரத்திற் பல வீடுகளிற் பானை ஏறாத பொங்கல் அது.

அங்கே கண்டதென்ன? மெதேன் ஆறுகள் அரித்த பள்ளத்தாக்குகளும், ஆற்றங்கற்கள்போல உருண்ட கற்களுந்தான். ஆனால் அவை கல்லல்ல. சுழியத்துக்குக் கீழே 180 பாகைக் குளிரில் இறுகிக் கல்லாகிவிட்ட பனிக்கட்டி. மனிதன் செய்த கருவி இறங்கிய தரைகளுள் இன்றுவரை மிகத் தொலைவானது அதுவே.

தாய்க் கலமோ பதின்மூன்று ஆண்டுகள் சனியை வலம்வந்தது. அது கண்டவற்றுள் தலையாயது என்செலடஸ் என்னும் சிறு சந்திரனின் இரகசியம். அதன் விட்டம் ஏறக்குறைய 500 கிலோமீற்றர். நம் இலங்கையின் நீளத்தினும் சிறிதே கூடியது. அதன் தென்துருவத்துப் பனிப்பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் ஊற்றுக்களாகப் பீறிடுவதை 2005இற் கசினி கண்டது. நம் கடலிற் சந்திரனின் இழுப்பினால் வற்றும் பெருக்கும் உண்டாவதை மீனவர் நன்கறிவர். அவ்வாறே சனியின் இழுப்பு அச்சிறு சந்திரனை ஓயாமற் பிசைவதால் உள்ளே வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பத்தினால் பனியோட்டின் கீழே உப்புக் கடலொன்று உறையாமற் கிடக்கிறது. அவ்வூற்றில் ஐதரசன் வாயு இருப்பது 2017இலும், உயிர்களுக்கு இன்றியமையாத பொசுபரசு இருப்பது 2023இலும் வெளியாயின. அங்கே உயிர் உண்டென எவரும் கண்டாரில்லை. ஆயினும் உயிர் தங்குதற்கு இயன்ற இடமென விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

எரிபொருள் தீரும் வேளையில், கசினி என்றேனும் அச்சந்திரன்களில் விழுந்து பூமியின் கிருமிகளை அங்கே பரப்பிவிடக் கூடாதென்று, 2017 செப்டெம்பர் 15ஆம் திகதி அதனைச் சனிக்குள்ளேயே பாயச் செய்து எரித்துவிட்டார்கள். காணாத ஒரு கடலில் இருக்கிறதோ இல்லையோ என்றறியாத உயிருக்காக, இருபதாண்டு உழைத்த கலத்தையே பலியிட்டார்கள்.

பெரியம்மா வெகுநேரம் பேசவில்லை. பின்பு, “மூன்று கிழமை ஒருவரும் அதோடு கதைக்கவில்லையா?” என்று மட்டுங் கேட்டார்.

“இல்லை. தானாக விழித்துக்கொண்டது.”

கோவிலில் விளக்கேற்றிவிட்டு வரும்போது இருட்டிவிட்டது. மறுநாள் அமாவாசை, நிலவில்லை. நேர் கிழக்கே, கடலுக்குச் சற்று மேலே, மின்னாத மஞ்சள் ஒளியுடன் சனி எழுந்திருந்தது. பூமிக்கு நேரெதிராக அது நின்ற நாட்கள் அவை. 128 கோடி கிலோமீற்றர் தொலைவிலிருந்து அவ்வொளி நம்மை அடைய 71 நிமிடம் செல்லும். பெரியம்மா எள்ளெண்ணெய் எரித்த வேளையில் புறப்பட்ட ஒளியே இப்போது நம் கண்ணிற் படுகிறதென்றான் பேரன்.

தொலைநோக்கியில் வளையம் ஓர் ஊசிக்கோடாகவே தெரிந்தது. பையன் முதலில் ஏமாற்றமடைந்தான். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வளையம் விளிம்பாக நமக்குத் திரும்பும் என்றும், அந்த மார்ச் மாதத்திலேதான் அவ்வாறு திரும்பியதென்றும், பெரும்பாலும் நீர்ப்பனியாலான அவ்வளையங்களின் தடிப்புப் பலவிடங்களிற் பத்து மீற்றரளவே என்றும் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. அருகே ஒரு பொட்டாகத் தெரிந்தது டைட்டன். 2028இற் புறப்படவுள்ள ‘ட்ராகன்ஃபிளை’ என்னும் பறக்குங் கலம் 2034இல் அங்கே சேரும். “அப்போது எனக்கு இருபத்தாறு வயது, மாமா” என்றான் அவன்.

திரும்பிப் பார்த்தேன். மணல் தொடங்கும் இடத்தில், தாழை ஓரமாகப் பெரியம்மா நின்றிருந்தார். இருபத்தோராண்டுகளின் பின் அவ்வளவு தூரம் வந்திருந்தார். தொலைநோக்கியில் அவர் பார்க்கவில்லை, நாங்களும் அழைக்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு நின்றவர், சற்றுநேரத்தில் தம் தோளிற் கிடந்த துவாயை எடுத்துப் பேரனிடம் நீட்டினார்.

“பனி விழுகுது. தலையை மூடிக்கொண்டு பார் மனே.”