சேதுச் சீமை ஈன்ற உழவர் மகன்

இராமநாதபுரத்திலிருந்து தொண்டி நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர், இடையே கடலை நோக்கித் திரும்பினால் காரங்காடு என்னும் மீனவச் சிற்றூரை அடையலாம். கோட்டக்கரை ஆறு பாக் விரிகுடாவில் கலக்கும் இடம் அது. கழிமுகமெங்கும் அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேலே மூச்சு வேர்களை நீட்டி நிற்கின்றன. வனத்துறையார் படகில் ஏற்றி அக்காட்டைச் சுற்றிக் காட்டுகின்றனர்.

சேதுச் சீமையின் நன்னீர் முடிந்து உப்பு நீர் தொடங்கும் எல்லை இது. இங்கே வந்து சேர்ந்த நீர், உழவனுக்குக் கை நழுவிய நீர். ஆற்றை எதிர்த்து மேற்கே சென்றால், கடலுக்குள் போகுமுன் அந்நீரைத் தேக்கிக்கொள்ள நம் முன்னோர் பட்ட பாடு விளங்கும். இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் அதற்குச் சான்று. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று மக்கள் அதன் பரப்பை இன்றும் வியந்து பேசுகின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழை கண்மாயில் நின்றால் ஆண்டு முழுவதும் சோறு; நில்லாவிடில் பஞ்சம்.

வானம் பார்த்த இந்தச் சீமையின் பனையூரில், 1725ஆம் ஆண்டையொட்டி, ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் மருதநாயகம். இஸ்லாத்தைத் தழுவி முஹம்மது யூசுப் கான் ஆனார். மக்கள் அவரைக் 'கான் சாகிபு' என்றே அழைத்தனர்.

ஏர் பிடித்த குலத்தில் தோன்றியவர் வாள் பிடித்தார். திருச்சிராப்பள்ளிப் போர்களில் ஆங்கிலக் கம்பெனியின் பக்கம் நின்று புகழ் பெற்று, அதன் சிப்பாய்ப் படைக்குத் தளபதியானார். 1758-59இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து அவர்களை அலைக்கழித்தவர்களுள் அவரும் ஒருவர். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் முதலிய பாளையக்காரர்களை எதிர்த்து அவர் போரிட்டதும் கம்பெனிக்காகவே. இதை மறைத்து அவருக்குப் புகழ் சேர்ப்பது நேர்மையாகாது.

ஆனால், மதுரைச் சீமையும் நெல்லைச் சீமையும் தம் ஆட்சிக்குள் வந்தபோது, படைத்தலைவருக்குள் இருந்த உழவர் விழித்துக்கொண்டார். பழுதுற்ற கண்மாய்களும் வாய்க்கால்களும் செப்பனிடப்பட்டன. வணிகர்களுக்கும் நெசவாளர்களுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய நிலங்களைத் திரும்ப அளித்தார். பிற சமயத்தாரின் உரிமையைப் பேணுவது ஆள்வோனின் கடமை என்பதை அவர் செயலில் காட்டினார்.

அவரது செல்வாக்கு ஆர்க்காட்டு நவாபு முஹம்மது அலியின் கண்ணை உறுத்திற்று. 1763இல் யூசுப் கான் நவாபுக்கும் கம்பெனிக்கும் பணிய மறுத்துத் தனியாட்சி கண்டார். மதுரைக் கோட்டை முற்றுகைக்கு உள்ளாயிற்று. வெளியே நின்ற படைகளால் வீழ்த்த முடியாத அவரை, உடனிருந்தவர்களே வஞ்சகமாகப் பிடித்துக் கொடுத்தனர். அவ்வேளையில் அவர் தொழுகையில் இருந்தார் என்று கூறப்படுகிறது. 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அவரது உடல் துண்டிக்கப்பட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டதென்பது செவிவழிச் செய்தி. எஞ்சியது அடக்கப்பட்ட சம்மட்டிபுரத்தில், 1808இல் எழுப்பப்பட்ட சிறிய பள்ளிவாசல் உள்ளது. கான் சாகிபு பள்ளிவாசல் என்பது அதன் பெயர். மதுரையின் கான்சாமேட்டுத் தெருவும் கான்பாளையமும், வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரமும் அவர் பெயரை இன்றும் சுமக்கின்றன. உடலைச் சிதைத்தவர்களால் பெயரைச் சிதைக்க இயலவில்லை.

மனிதன் மறைந்த பின்னும் நன்மை சேர்த்துக்கொண்டே இருப்பது 'சதக்கத்துல் ஜாரியா' என்னும் நிலையான தர்மம். வாள் வென்ற நாடு கைமாறிவிடும். தேக்கிய நீரோ தலைமுறைகளுக்கும் சோறிடும். முன்னோரின் பெருமை பேசும் நாம், அவர்கள் விட்டுச் சென்ற கண்மாய்கள் தூர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கலாமா?

மதுரைக்குச் செல்லும் வாசக நேயர்களே! பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சம்மட்டிபுரம் செல்லுங்கள். அந்த உழவர் மகனின் கதையை முழுமையாக, குறையும் நிறையுமாக, அவர்களுக்குச் சொல்லுங்கள். அவருடைய மறுமை நல்வாழ்வுக்காக ஒரு துஆச் செய்யுங்கள். ஊர் திரும்பியதும், உங்கள் ஊர்க் கண்மாயின் கரையையும் ஒருமுறை சென்று பாருங்கள்.