ஹை பார்க்கும் எங்கள் ஜிம்மியும்

எனக்கு நாய் பிடிக்காது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மகள் வீட்டில் இரண்டு நாய்கள் நிற்கின்றன. நான் அங்கே போனால் பேத்தி முதலில் செய்யும் வேலை, அவை இரண்டையும் மேல் அறையில் விட்டுக் கதவைச் சாத்துவதுதான். "அம்மப்பாவுக்கு நாய் எண்டாப் பயம்" என்று தம்பிக்கு விளக்கமும் சொல்வாள். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் சொன்னதை நான் திருத்தவும் இல்லை. பயம் என்று நினைத்தால் ஒருவரும் மேலே கேள்வி கேட்கமாட்டார்கள்.

மகள் இருப்பது ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில், ஹை பார்க்குக்குக் கிட்ட. நாங்கள் இருப்பது ஸ்காபரோவில். கெனடி நிலையத்தில் ரயில் ஏறினால் இடையில் மாறத் தேவையில்லை, ஹை பார்க் நிலையத்தில் இறங்கலாம். ஏறக்குறைய நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிற மாதிரி. ஓய்வு பெற்றவர்களுக்கு நேரம்தானே கையில் கிடக்கிறது. போன வருடம் ஒக்ரோபர் கடைசி ஞாயிறு நானும் மனைவியும் போனோம். மனைவியின் பையில் ஆட்டிறைச்சி றோல்ஸ், கட்லற், ஒரு போத்தல் தேத்தண்ணி. எங்கள் ஆட்கள் பூங்காவுக்குப் போவதென்றால் அது கோயில் திருவிழாவுக்குப் போகிற மாதிரித்தான்.

ஹை பார்க் 161 ஹெக்ரேயர், ஏறத்தாழ 400 ஏக்கர். வடக்கே புளோர் வீதியில் நுழைந்து தெற்கே நடந்தால் ஒன்ராறியோ ஏரிப் பக்கம் வந்து சேரலாம். மேற்கு ஓரத்தில் கிரனேடியர் குளம். குளம் என்று பெயரே தவிர, எங்கள் ஊர் ஆரியகுளத்தையும் புல்லுக்குளத்தையும் பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஏரிதான். ஒரு காலத்தில் ஒன்ராறியோ ஏரியோடு சேர்ந்திருந்த நீர்ப்பரப்பாம். 1813இல் அமெரிக்கப் படை இந்த நகரத்தைத் தாக்க வந்தபோது, பனி உறைந்த குளத்தின் மேலால் நடந்த பிரித்தானியச் சிப்பாய்கள் பனி உடைந்து மூழ்கிப்போனார்கள், அதனால்தான் இந்தப் பெயர் என்று ஒரு கதை இருக்கிறது. தாக்குதல் நடந்தது ஏப்ரல் கடைசியில். அப்போது பனி எங்கே நிற்கும்? ஆனால் பேரனுக்கு அந்தக் கதைதான் பிடிக்கும், ஆகவே நான் அதைத்தான் சொல்லுவேன்.

இந்தக் காணியைக் கொடுத்தவர் ஜோன் ஜோர்ஜ் ஹவார்ட் என்ற கட்டடக் கலைஞர். இங்கிலாந்திலிருந்து 1832இல் வந்தவர். 1837இல் இங்கே ஒரு வீடு கட்டினார். கொல்போர்ன் லொட்ஜ் என்ற அந்த வீடு இன்றைக்கும் நிற்கிறது. 1873இல், மக்கள் என்றைக்கும் காசு கொடுக்காமல் வந்து போகவேண்டும் என்ற நிபந்தனையோடு காணியை நகரத்துக்கு எழுதிக் கொடுத்தார். பதிலாக நகரம் அவருக்கு ஆயுள்வரை ஆண்டுக் கொடுப்பனவு கொடுத்தது. வீட்டில் அவரும் மனைவியும் கடைசிவரை இருந்தார்கள். இப்போதும் அந்த வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருவரின் கல்லறையும். காணியைக் கொடுத்த பிறகும் வீட்டை விட்டுப் போகாத மனிதர். எங்களில் பலருக்குக் காணி உறுதி பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, வீடுதான் இல்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கல்லறை வேலியைக் கடக்கும்போது இந்த நினைப்பு வரும். அந்த வேலியின் இரும்புக் கம்பிகள் இலண்டன் சென் போல்ஸ் தேவாலயத்திலிருந்து கப்பலில் வந்தவை. அதுவும் ஒரு தனிக்கதை, இன்னொரு நாளைக்கு எழுதுகிறேன்.

வசந்தகாலத்தில் இங்கே செரி மரங்கள் பூக்கும். 1959இல் தோக்கியோ மக்கள் அனுப்பிய 2,000 மரங்களில் தொடங்கியது. அந்தக் கிழமையில் போனால் பூவை விட மனிதத் தலைகளைத்தான் பார்க்கலாம். என்னைக் கேட்டால் ஒக்ரோபர்தான் நல்லது. கருவாலி மரங்கள் செம்பழுப்பாக நிற்கும், சனம் குறைவு, காற்றில் காய்ந்த இலை மணக்கும்.

மகளின் நாய்கள் இரண்டும் கடையில் வாங்கியவை அல்ல. சின்னதுக்கு பிஸ்கற் என்று பெயர், பேரன் வைத்தது. பெரியது பிரவுனி. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் யாரோ வீடு மாறிப் போகும்போது விட்டுவிட்டுப் போன நாயாம். காப்பகம் ஒன்று எடுத்து இங்கே அனுப்பியிருக்கிறது. இங்கே இப்படி வந்த நாய்கள் நிறைய. அதைக் கொண்டுவந்த நாள் மகள் ரெலிபோனில் சொன்னாள்: "பாவம் அப்பா, வீட்டுக்காரர் விட்டிட்டுப் போட்டினமாம். எப்பிடித்தான் மனம் வந்திச்சோ தெரியேல்லை." நான் "ம்" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன்.

பூங்காவில் நாய்களை அவிழ்த்து விடுவதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். சரிவும் மரங்களும் நிறைந்த இடம். மற்ற இடங்களில் 2 மீற்றருக்கு மேற்படாத வாரில் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும். அது கழிப்பதை நாமே பிளாஸ்ரிக் பையில் அள்ள வேண்டும். கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்த்தவர்கள் எல்லாம் இங்கே கையில் அந்தப் பையோடு நடந்து போவதைக் கண்டிருக்கிறேன். மருமகன் அதில் கெட்டிக்காரர், ஒரு வார்த்தை பேசாமல் செய்து முடித்துவிடுவார்.

அவிழ்த்துவிட்டதும் பிஸ்கற் ஏழெட்டு நாய்களோடு சேர்ந்து ஓடியது. பிரவுனி ஓடவில்லை. பத்தடி போகும், திரும்பி மகள் நிற்கிறாளா என்று பார்க்கும். மறுபடி பத்தடி. "இது எப்பவும் இப்பிடித்தான், எண்ணிப் பார்க்கும்" என்றாள் பேத்தி. உண்மைதான், எங்களில் யாராவது ஒருவர் மரத்துக்குப் பின்னால் போனாலும் அது நின்றுவிடும்.

பிறகு குளக்கரைக்கு இறங்கினோம். வாத்துகள், அன்னங்கள், தூண்டிலோடு நாலைந்து பேர். வாங்கில் இருந்து றோல்ஸ் சாப்பிட்டோம். பேரன் மிருகக் காட்சிச்சாலைக்குப் போகவேண்டும் என்று அடம்பிடிக்கத் தொடங்கினான். பூங்காவுக்குள்ளேயே சின்னதாக ஒன்று 1893இலிருந்து இருக்கிறது. 2016இல் அங்கிருந்து இரண்டு கப்பிபாராக்கள் தப்பி ஓடி, நகரம் முழுக்கக் கிழமைக்கணக்காக அதையே கதைத்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அவை எந்த வழியால் ஓடின என்று அவனுக்கு ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். மனைவியும் பேத்தியும் மருமகனும் பிஸ்கற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்கள். நான் முழங்காலைக் காட்டினேன். "அப்பா, அப்ப இதைக் கொஞ்சம் பிடியுங்கோ. இது நடந்து களைச்சுப்போச்சு. நான் இவனைக் கொண்டுபோய் விட்டிட்டு உடனை வாறன்" என்று வாரை என் கையில் சுற்றிவிட்டு மகளும் போய்விட்டாள்.

பிரவுனி இழுக்கவில்லை, குரைக்கவுமில்லை. அவர்கள் போன பாதையைப் பார்த்தபடி குந்தியிருந்தது. மேட்டில் ஏறி அவர்கள் மறைந்த பிறகும் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் மெல்லிய சத்தம் ஒன்று. வாரின் வழியாக அதன் உடம்பு நடுங்குவது என் கையில் தெரிந்தது.

1995 ஒக்ரோபர் 30ஐப் பற்றி இந்த வயதுக்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒலிபெருக்கியில் வெளிக்கிடச் சொன்னார்கள். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் றோட்டில் நின்றது. மழை. நாங்கள் கோண்டாவிலில் இருந்தோம். ஒரு சைக்கிள். பாரில் மகள், அவளுக்கு அப்போது எட்டு வயது. கரியரில் அரிசியும் உடுப்பும். மனைவி பக்கத்தில் நடந்து வந்தார். ஜிம்மி பின்னால் வந்தது. செவலை நாய், மகள் தவழ்ந்த காலத்திலிருந்து அவளோடு வளர்ந்தது.

நல்லூர் தாண்டும்போதே ஒரு அடி எடுத்து வைக்க முடியாத சனம். செம்மணிப் பக்கம் இன்னும் நெரிசல் என்று முன்னால் போனவர்கள் சொன்னார்கள். நாய் கால்களுக்குள் அகப்பட்டு மிதிபடுகிறது, கத்துகிறது, யாரோ என்னைப் பேசுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடுவோம், அது வீட்டில் நின்றால் பிழைக்கும் என்று நினைத்தேன். "போ" என்றேன். போகவில்லை. கல்லை எடுத்து எறிந்தேன். முதல் கல் படவில்லை. இரண்டாவது பின்னங்காலில் பட்டது. அது கத்திவிட்டு நொண்டிக்கொண்டு கொஞ்சத் தூரம் போய், திரும்பி நின்று என்னைப் பார்த்தது. பிறகு சனம் மறைத்துவிட்டது.

மகள் மழைக்குத் தலையில் பொலித்தீன் பையைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். ஜிம்மி எங்கே என்று கைதடியில் வைத்துத்தான் கேட்டாள். வழியில் எனக்குத் தெரிந்த ஒருவர் வாங்கிக்கொண்டார், வளர்க்கிறார் என்றேன். பிறகு கேட்ட ஒவ்வொரு முறையும் அந்த ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தேன். அவருக்கு ஒரு தோட்டம், இரண்டு பசுமாடு. அடுத்த வருடம் நாங்கள் தென்மராட்சியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியபோது, எங்கும் போகாமல் இருந்த பக்கத்து வளவு ஆச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னா: "உன்ரை நாய் பத்துப் பதினைஞ்சு நாள் படலையடியிலைதான் கிடந்தது தம்பி. சோறு வைச்சனான், தின்னேல்லை. பிறகு என்னையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போட்டாங்கள்." இதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மகள் திரும்பி வந்தபோது பிரவுனி எழும்பி வாலை ஆட்டியது. அவள் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி ஊற்றினாள். நான் குளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். கல் எறிந்ததையும், ஆச்சி சொன்னதையும். வயது போனால் குரல் இப்படி உடையும் என்று எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.

"எனக்குத் தெரியும் அப்பா. நான் உங்கடை கைக்குக் கீழாலை பார்த்துக்கொண்டுதான் இருந்தனான்."

"பிறகேன் ஜிம்மி எங்கை எண்டு கேட்டனி?"

"நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு பார்க்க. பிறகு, அந்த மாட்டுக்காரர் கதை எனக்குப் பிடிச்சிருந்தது. நீங்கள் சொல்லேக்கை உண்மை மாதிரி இருக்கும்." பிரவுனியின் மடிந்த காதை விரலால் நிமிர்த்தினாள். "ஆச்சி சொன்னதுதான் தெரியாது."

"என்னிலை கோபமில்லையோ?"

"கன வருசம் இருந்தது" என்றாள். இப்போது இல்லை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, இருவரும் அதைக் குடித்தோம். பேரன் மேட்டிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

மாலையில் நிலையம்வரை எல்லோரும் வந்தார்கள். குளத்தடியிலிருந்து வாரை நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். பேத்தி அதைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நிலைய வாசலில் வாரை மகளிடம் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கினோம். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தேன். பிரவுனி வாசலில் குந்தியிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேலே ஏறிப் போனேன். அதன் தலையைத் தடவி, "நான் வருவன்" என்றேன். தமிழ் அதற்கு விளங்குமோ தெரியாது, வீட்டில் கதைக்கிறார்கள்தானே. அதற்குள் ரயில் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்தது வரச் சுணங்கும் என்பதை மனைவி கெனடி வரும்வரை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.